நடுச்சுவரைத் தாண்டிய சிரிப்பு

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயங்கள் பலவற்றில் ஓர் அறையை, அதாவது காம்பராவை, அடுத்த காம்பராவிலிருந்து பிரிக்கும் சுவர் கூரை வரை எட்டாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே புகையும் பேச்சும் போய்வரத் தாராளமாக இடம் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் ஒரு குடும்பம். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அங்கே புருஷன் பெண்சாதி சண்டை என்றால் இங்கே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லலாம். துரைமார் காலத்தில் இதைக் கட்டியவர்கள் கல்லையும் சுண்ணாம்பையும் மிச்சம் பிடித்தார்கள். சிரிப்பைக் கடத்துவதற்கு இவ்வளவு தோதான கட்டடம் ஒன்றைக் கட்டிவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்த லயத்தில், எழுபதுகளின் நடுவில், டிரான்சிஸ்டர் ரேடியோ இரண்டு காம்பராக்களில்தான் இருந்தது. மூன்றாம் காம்பராவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று. நாங்கள் ஐந்தாம் காம்பரா. மழை பிடித்துக்கொண்டால் தகரத்தில் விழும் சத்தத்தில் பெட்டிக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்கு விளங்காது. மூன்றாம் காம்பராவில் சிரிப்பது மட்டும் நன்றாகக் கேட்கும். அது நாலாம் காம்பராவுக்குத் தாவும். அங்கேயிருந்து எங்களிடம் வரும். அப்பாயி முதலில் சிரித்துவிடுவார். பிறகுதான் சுவர்ப்பக்கம் திரும்பி, "என்னாவாம் புள்ள? அந்த மரிக்காரு என்னா சொன்னானாம்?" என்று கேட்பார். பதில் சுவருக்கு மேலால் வரும். சொல்ல வந்தவள் பாதியில் தானே சிரித்துவிடுவாள். பகிடியின் மிச்சம் எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதனால் யாருக்கும் குறையில்லை. சிரித்தாகிவிட்டதே.

எங்கள் ஊர் இருக்கும் சப்ரகமுவையில் மழைக்குப் பஞ்சமில்லை. மழை நாளில் பால் வெட்ட முடியாது, வெட்டினாலும் சிரட்டையில் விழும் பாலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். வெட்டு இல்லையென்றால் வேலைக்கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் லயம் முழுக்க ஆள் இருக்கும், ரேடியோவுக்கும் கூட்டம் சேரும். எங்கள் சிரிப்புக் கணக்கில் பெரும்பகுதி சம்பளமில்லாத நாட்களில் ஏறியது.

அப்பாயி கேட்ட மரிக்காரின் பிறந்த ஊர் கொழும்பு 7, டொரிங்டன் சதுக்கம். இலங்கை வானொலிக் கலையகம் அங்கேதான் இருந்தது. சதுக்கத்துக்கும் கூட்டுத்தாபனத்துக்கும் பிறகு பெயர்கள் மாறின, கலையகம் மாறவில்லை. தொடரின் பெயர் 'கோமாளிகளின் கும்மாளம்'. எழுதியவர் எஸ். ராமதாஸ். வானொலியில் சிரிப்பு நாடகம் அதற்கு முன்னும் இருந்தது. 'சானா' என்று நாடெங்கும் அறியப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா'வை அப்பா தலைமுறையினர் கேட்டு வளர்ந்தார்கள். சிங்களத்தில் அனஸ்லி டயஸ், பேர்ட்டி குணதிலக, சாமுவேல் ரொட்ரிகோ மூவரும் 'விநோத சமய'வில் அட்டகாசம் செய்துகொண்டிருந்தார்கள். ராமதாஸ் செய்தது வேறொரு சேர்மானம். நாலு பேரை ஒரே இடத்தில் விட்டார். நாலு பேரும் தமிழ் பேசினார்கள், ஒருவர் தமிழ் மாதிரி இன்னொருவர் தமிழ் இல்லை.

மரிக்கார் பேசியது முஸ்லிம் தமிழ். அப்புக்குட்டி யாழ்ப்பாணம். உபாலி, சிங்களவர் தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. நாலாவது ஆள் ஐயர், அவருக்கு அக்கிரகாரப் பேச்சு. இதில் எனக்கு இன்றைக்கும் பிடித்த சங்கதி, யார் யாராக நடித்தார்கள் என்பது. மரிக்கார் ராமதாஸ்தான். ஐயர் பி.எச். அப்துல் ஹமீட். உபாலியாக வந்தவர் எஸ். செல்வசேகரன், அப்புக்குட்டி டி. ராஜகோபால். ராமதாஸ் முஸ்லிமாகவும், முஸ்லிம் ஐயராகவும், தமிழர் சிங்களவராகவும் ஒலிவாங்கிக்கு முன்னால் இடம் மாறி நின்றார்கள். கேட்டவர்கள் அந்த மாற்றத்தை அப்படியே கல்வெட்டாக்கிவிட்டார்கள். மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயர் ஆளின் பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. ராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானபோதும் செய்திகளில் அவர் மரிக்கார் ராமதாஸாகவே இருந்தார். ஹமீடை மட்டும் யாரும் ஐயர் ஹமீட் என்று கூப்பிடவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தப் பெயரே போதுமாக இருந்தது.

இந்த நாலு பாத்திரங்களும் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை. இந்த வகை நாடகத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வாரம் ஒரு வில்லங்கத்தில் மாட்டுவார்கள், தட்டுத்தடுமாறி வெளியே வருவார்கள், அடுத்த வாரம் போன வாரத்தின் புத்தி ஒரு துளிகூட ஒட்டியிருக்காது. கதை நாடகம் கேட்பவனுக்கு அடுத்தது என்ன என்ற பதைப்பு இருக்கும். தமாசு நாடகம் கேட்பவனுக்கு அந்தப் பதைப்பு கிடையாது. மரிக்கார் மரிக்காராகவே வருவார் என்பது உறுதி. நாளைக்குத் துண்டு விழுமா, மாவு வருமா, இந்த நாட்டுப் பிரஜாவுரிமை வருமா, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டியிருக்குமா என்று எதிலும் உறுதியில்லாமல் இருந்தவர்களுக்கு, அந்த அரை மணி நேரத்து உறுதி சாதாரணப் பொருளா?

அதுவும் எந்தக் காலம் என்று பார்க்க வேண்டும். 1973, 74. பஞ்ச காலம் என்றால் தோட்டத்தில் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள். பாணுக்கு விடியற்காலையில் வரிசை. கூப்பன் மா குறைந்தது. மரவள்ளிக் கிழங்கு, அதுவும் இல்லாத நாளில் கீரையை அவித்த தண்ணீர். 1974இல் தோட்டங்களில் சாவு வீதம் ஏறியது அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. 1972இலும் 75இலும் காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்கள் கைமாறின. எங்கள் துரை போய் இன்னொரு துரை வந்தார், தேசம் எடுத்துக்கொண்டது என்றார்கள். லயத்துச் சுவர் அதே உயரத்தில் நின்றது. பசித்தவனுக்குச் சிரிப்பு வருமா என்று கேட்டால், வரும். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது.

ஆன்றி பெர்க்சன் என்ற பிரெஞ்சுக்காரர் 1900இல் சிரிப்பைப் பற்றியே ஒரு சிறு புத்தகம் எழுதினார். உயிருள்ள மனிதன் இயந்திரம் மாதிரி நடந்துகொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அவர் கட்சி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் எங்கள் பெரட்டுக் களத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு இன்னும் நாலு உதாரணம் கிடைத்திருக்கும். எங்கள் கங்காணி விடியற்காலை ஒரே வசவை, ஒரே ராகத்தில், ஒரே இடத்தில் இருமலை வைத்து, வருஷக் கணக்காகச் சொன்னார். பெரியவர்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் சாயங்காலம் பீலிக்கரையில் அதே வசவை அதே இருமலோடு நடித்துக் காட்டினோம். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த நாள் காலை கங்காணி வாயைத் திறந்ததும் எத்தனை பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தமாசு நாடகத்துக்கு வேண்டிய சரக்கு எல்லாம் எங்களிடமே இருந்தது. ஓரிடத்தை விட்டுப் போக முடியாத பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், அடுத்தவர் குணம் அத்துப்படியாகத் தெரிந்த காதுகள், மேலே ஒருவரை வைத்துக் கீழே எல்லோரும் நிற்கும் வரிசை. கலையகம் மட்டும்தான் இல்லை.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நாலு பேர் நாலு தமிழ் பேசினார்களே, அதில் எங்கள் தமிழ் இல்லை. காம்பரா, இஸ்தோப்பு, பெரட்டு, இஸ்டோர் என்று போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் வெள்ளைக்காரனும் விட்டுப்போனதையெல்லாம் திருச்சி, சேலத்துப் பேச்சில் போட்டுக் குழைத்த அந்தத் தமிழுக்கு ஐந்தாவது ஆளாகக்கூட இடம் கிடைக்கவில்லை. கொழும்பு அரங்குகளில் அது வந்தால் வேலைக்காரன் வாயில்தான் வந்தது. டவுனுக்குப் போனால் அதே பேச்சுக்காக 'தோட்டக்காட்டான்' என்ற பட்டம் கிடைத்தது, கொடுத்தவர்களும் தமிழர்களே. இதைப் பற்றி லயத்தில் யாரும் அன்றைக்குப் பேசியதாக ஞாபகம் இல்லை. அப்பாயிக்கு மரிக்காரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். உபாலியைப் பிடித்ததற்கு இன்னும் கிட்டிய காரணம் இருந்தது. நுவரெலியாப் பக்கம் மாதிரி இல்லை, எங்கள் கேகாலையும் இரத்தினபுரியும். அங்கே மலை மலையாகத் தோட்டம். இங்கே சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகத் தோட்டம். எல்லைக் கல்லைத் தாண்டினால் கிராமம், கடைக்காரர் உபாலி மாதிரியே தமிழ் பேசுவார், எங்கள் மாமா அவரோடு பேசும் சிங்களமும் அதே கதிதான். உபாலி வாயைத் திறந்ததும் யாரோ ஒருவர், "அட, நம்ம கடை முதலாளிடா" என்பார்.

1976இல் அந்தக் குரல்களுக்கு முகம் வந்தது. எஸ். ராமநாதன் இயக்கத்தில் 'கோமாளிகள்' படமாக ஓடியது. அதற்கு முந்திய வருஷம்தான் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்து, மலையகத்தைத் திரைக்குக் கொண்டுவந்திருந்தார். இலங்கைத் தமிழ்ப் படம் என்றால் நஷ்டம் என்றிருந்த காலத்தில் கோமாளிகளைப் பார்க்க ஜனம் போனது, காரணம் ரேடியோ. எங்கள் லயத்திலிருந்தும் ஒரு கூட்டம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தது. திரும்பி வந்து சொன்னதில் பாதி, முகம் பற்றிய முறைப்பாடு. "மரிக்கார் இன்னும் தடியா இருப்பாருன்னு நெனச்சேன்" என்றார் ஒருவர். காதால் கட்டிய முகத்தைக் கண் ஒத்துக்கொள்ள மறுத்தது. அதே வருஷம்தான் அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை போன சின்ன ரயிலும் நின்றது. எங்கள் எட்டியாந்தோட்டைக்கு வந்த கிளையை 1942இலேயே மூடிவிட்டார்கள். களனிவெளிக் குறுந்தண்டவாளம் றப்பரையும் தேயிலையையும் ஏற்றப் போட்டது. ஆள் ஏறிப்போவது அதற்கு உபதொழில். ரயில் இல்லாவிட்டாலும் நாடகம் வந்தது. ஆகாயத்துக்குத் தண்டவாளம் வேண்டாம்.

பிறகு 1977இன் இனக்கலவரம். பிறகு 81, 83. இந்தப் பகுதியை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. 81 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கம் லயங்கள் எரிந்தன. கோயிலிலும் இஸ்டோரிலும் தேயிலைச் செடிக்குள்ளும் இராக் கழித்தவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது காம்பராவில் சட்டிப்பானை இல்லை, ரேடியோ இல்லை. சில இடங்களில் எரிக்க வந்தவர்கள் கிராமத்திலிருந்து வந்தார்கள், ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்களும் அதே கிராமத்திலிருந்துதான் வந்தார்கள். உபாலி என்ற பாத்திரத்தைக் கேட்டுச் சிரித்த காதுகள் இரண்டையும் கேட்டன. ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். இன்னொரு பகுதியினர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்குள் இறங்கினார்கள். அங்கே குளிரில் அவர்கள் ரேடியோவைத் திருகியபோது கேட்டது இலங்கை வானொலி. தமிழ்நாட்டு ஜனமே அதைக் கேட்டுக் கிறங்கிய காலம் அது. விட்டுவிட்டு வந்த நாட்டின் குரல் பின்னாலேயே வந்து நேரம் சொன்னது. ஊரை விட்டவர்கள் எழுதிய கடிதம் ஒன்றில் எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் இங்கேயும் ரேடியோ நன்றாக எடுக்கிறது என்று எழுதியிருந்தது ஞாபகம்.

பெட்டிக்குக் கண் திறந்தது எப்படி என்பதற்குத் தேதிகள் உண்டு. 1979 ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், சுயாதீனத் தொலைக்காட்சி (ஐ.டி.என்.) ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி வந்தது. தோட்டத்துக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை, அதாவது பங்களாவுக்கும் இஸ்டோருக்கும் வந்திருந்தது, லயத்துக்கு வரவில்லை. ஆனாலும் டீவி வந்துவிட்டது. பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி, கார் பெட்டரியில் ஓடும். கிழமைக்கு ஒரு தடவை அந்தப் பெட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வர வேண்டும். அசிட் சொட்டி மாமாவின் சாரங்களில் எல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை. கூரைக்கு மேல் மூங்கிலைக் கட்டி அன்டெனா. ஒருவர் வெளியே மூங்கிலைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று செய்தி கடத்த, உள்ளே இருப்பவர் "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போயிருச்சு" என்று கூவ, அதுவே தினசரி ஒரு தமாசு நாடகம். பெட்டரி இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கும். கதாநாயகன் சுருங்கிச் சுருங்கித் தீப்பெட்டி அளவுக்கு வந்து நிற்பான். அதனால் கரண்டைச் சேமித்துச் சேமித்துப் பார்த்தோம். செய்தி வேண்டாம், அணை. பாட்டு, ஒன்றிரண்டு போதும். சிரிப்பு நாடகம் என்றால் மட்டும் பெட்டரி சாகும் வரை.

அப்படிப் பார்த்தவற்றில் நிலைத்தது 'கோபி கடே'. 1987இல் ஐ.டி.என்.னில் தொடங்கிய சிங்களத் தொடர். கிராமத்துக் கோப்பிக் கடை ஒன்று, அங்கே வந்து குந்தும் மனிதர்கள், அவர்களின் வம்பு, ஊர் அரசியல், நாட்டு நடப்பு மேல் ஒரு கிள்ளு. பல பத்து வருஷங்கள் ஓடி, சிங்களத் தொலைக்காட்சியின் மிக நீண்ட தொடர்களில் ஒன்றாக நிற்கிறது. எங்களுக்கு அதில் மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. அந்தக் கடையை எங்களுக்குத் தெரியும். சம்பள நாளைக்குத் தருவதாகச் சொல்லிக் கொப்பியில் எழுதி அரிசியும் கருவாடும் வாங்கியது அதே மாதிரிக் கடையில். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கடைகளில் விற்பது தேத்தண்ணி, பெயர் மட்டும் கோப்பிக் கடை. எங்கள் முன்னோரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த பயிர் கோப்பி. 1869இல் தலைகாட்டிய இலை நோய் அதை அடியோடு வழித்தது, பிறகு தேயிலையும் றப்பரும் வந்தன. கோப்பி போனது, பெயர் கடைப் பலகையில் தங்கிவிட்டது, எங்களைப் போலவே.

உலகத்தின் முதல் தொலைக்காட்சித் தமாசுத் தொடர் என்று சொல்லப்படுவதும் ஒரு கடைக்குள் நடந்தது. 1946இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'பின்ரைட்ஸ் புரோகிரஸ்', ஒரு சின்னக் கடை முதலாளியின் அவஸ்தைகள். கடை, அலுவலகம், வகுப்பறை, கூட்டுக் குடும்ப வீடு என்று இந்த வகை நாடகங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இடங்களுக்குத்தான் போகின்றன. யாரும் தான் தேர்ந்தெடுத்த ஆட்களோடு இருக்க முடியாத இடங்கள் அவை. கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் நாளைக் காலை அங்கேயேதான் வர வேண்டும். பொழுதெல்லாம் கோபித்துக்கொண்டு இருக்க முடியாது, ஆகவே சிரிக்க வேண்டும். லயத்துக்காரனுக்கு இதை யாரும் புத்தகம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் இலங்கைத் தொலைக்காட்சியில் வந்து எல்லோரையும் சிரிக்கவைத்த ஆங்கிலத் தொடர் 'மைண்ட் யுவர் லாங்வேஜ்'. லண்டன் வகுப்பறை ஒன்றில் சர்தார்ஜி முதல் இத்தாலிக்காரன் வரை பல நாட்டவர் ஆங்கிலம் படிக்கும் கூத்து. வெளிநாட்டவரைக் கேலி செய்கிறது என்று 1979இல் அங்கேயே அதை நிறுத்தினார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் எங்கள் காம்பராவில் அதைப் பார்த்த இருபது பேருக்கும் ஆங்கிலம் அந்த வகுப்பு மாணவர்களை விடக் குறைவு. சிங்களத்தில் ஆங்கிலத்துக்குப் பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். வாளைத் தலைகீழாகப் பிடித்துக் கையை வெட்டிக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்து, வாளே இல்லாத கூட்டம் சிரித்தது. அதைக் கேலி என்று சொல்வதா, உறவு கொண்டாடியது என்று சொல்வதா, எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்தத் தொடரைப் பார்த்தபோதுதான் அப்பாயி கேட்டார்: "பெட்டிக்குள்ள யாரு புள்ள சிரிக்கிறது?"

நல்ல கேள்வி. நடிகர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு பெருங்கூட்டத்தின் சிரிப்புக் கேட்கிறது. லண்டனில் அநேகமாகக் கலையகத்திலேயே ஆட்களை உட்காரவைத்து எடுத்தார்கள். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யையும் அப்படித்தான், மூன்று கமராக்களை வைத்து, சனங்களுக்கு முன்னால் படமெடுத்தார்கள். சனங்கள் எப்போதும் வேண்டிய இடத்தில் சிரிப்பதில்லையே. சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் அதற்கு ஒரு பெட்டி செய்தார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு மாதிரிச் சிரிப்பு: கிணுக்கென்று ஒன்று, குபீரென்று ஒன்று, தாமதமாக விளங்கிச் சிரிக்கும் ஆளுக்கு ஒன்று. ஹார்மோனியம் வாசிப்பது போல அவர் சிரிப்பை வாசித்தார். பொய்ச் சிரிப்பு என்று அதைத் திட்டாத விமர்சகர் இல்லை. ஆனாலும் பல ஆண்டுகள் அதை ஒழிக்க முடியவில்லை. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், மனிதன் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது ஏறக்குறைய முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறான் என்று கணக்குச் சொன்னார். தனி வீட்டில், சோபாவில், ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் அமெரிக்கனுக்கு அடுத்த காம்பரா இல்லை. டக்ளஸ் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தது நடுச்சுவருக்கு மேலே எங்களுக்கு இனாமாக வந்த சங்கதியைத்தான்.

மாமா அன்றைக்கு அப்பாயிக்குச் சொன்ன விளக்கம் சுருக்கமானது. "அவுங்க லயத்து ஆளுங்க, ஆயா."

தொண்ணூறுகளில் லயங்களுக்கு மெல்ல மெல்லக் கரண்ட் வந்தது, கலர் வந்தது, ஒரு காம்பராவுக்கு ஒரு பெட்டி என்று ஆனது. தமிழுக்கென்று 1998இல் சக்தி டீவி, 2009இல் வசந்தம். அதற்குள் கூரைகளில் மூங்கில் போய் டிஷ் முளைத்துவிட்டது. தகரத்துக்கு மழை ஒழுகினாலும் அதற்கு மேலே வட்டத் தட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தோட்டத்துக்குப் புதிதாக வரும் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் படம் எடுக்கிறார்கள், ஏதோ முரண்பாட்டைக் கண்டுபிடித்த மாதிரி. கூரையை மாற்றுவது தோட்ட நிர்வாகத்தின் வேலை, டிஷ் வாங்குவது நம் கையில் இருக்கிறது. இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது?

டிஷ் கொண்டுவந்தது பெரும்பாலும் அழுகைத் தொடர்கள். ஒரு வீட்டுப் பெண் வருஷக் கணக்காக அழ, எங்கள் வீட்டுப் பெண்கள் வேலை முடித்து வந்த கையோடு கூடவே அழுதார்கள். நடுவில் சன் டீவியின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' போன்றவை வந்தன. ஸ்ரீபிரியாவும் நிரோஷாவும் ஒரே வீட்டுக்குள் முட்டிக்கொள்ளும் கதை. அழுகைத் தொடரை இரண்டு நாள் விட்டால் கதை போய்விடும், மலைக்குப் போகிறவளால் அதை விடாமல் பார்ப்பது கஷ்டம். இதை இரண்டு மாதம் விட்டாலும் ஒன்றும் போகாது. மறுபடி வந்து உட்கார்ந்தால் அவர்கள் அதே சண்டையில் இருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டு ஒப்பந்தம் என்று கொழும்பில் கூடி, நாள் கணக்காகப் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு, கடைசியில் சம்பளத்தைப் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்த தலைவர்களையும் நாங்கள் அப்படித்தான் பார்த்துப் பழகினோம். அந்தத் தொடரில் மட்டும் சிரிப்பு வருவதில்லை.

இப்போது நாடகம் கைபேசிக்குள் போய்விட்டது. கோமாளிகளின் காலத்துக் குரல்களைத் தேடி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். அதைவிட எனக்குச் சுவாரசியமாக இருப்பது பெடியன்கள் தாங்களே எடுத்துப் போடுகிறவை. ஒருவன் கங்காணி, ஒருத்தி கொழுந்து நிறுக்க வந்தவள், தராசு கிலோவை விழுங்குகிறது, வாய்ச்சண்டை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அதில் பேசுவது காம்பராவும் இஸ்தோப்பும் பெரட்டும் போட்டுக் குழைத்த அந்தத் தமிழ். கோமாளிகளில் ஐந்தாவது ஆளாகக்கூட வராதவன், பிந்தித்தான், சொந்தச் செலவில் வந்து சேர்ந்திருக்கிறான். பீலிக்கரையில் நாங்கள் போட்ட கங்காணியின் இருமலுக்கும் இதற்கும் நடுவில் ஐம்பது வருஷம்.

மாமா லயத்தை விட்டுப் போய்விட்டார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு, ஐந்நூற்றைம்பது சதுர அடி, இரண்டு அறை. நல்ல வீடு. சுவர் நாலு பக்கமும் கூரை வரை போகிறது. அடுத்த வீட்டுக்கு நடுவில் வேலி, செவ்வந்திப் பாத்தி, நாய். போன தடவை நான் போயிருந்தபோது பழைய பகிடி நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சத்தம் முற்றத்தைத் தாண்டி ரோடு வரை கேட்டது. காது மந்தமாகிவிட்டதோ என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினாலும் கேட்கிறது. அத்தை அடுப்படியிலிருந்து, "ஏங்க இவ்வளவு சத்தம்? பக்கத்திலதான ஒக்காந்து இருக்கீங்க?" என்றார்.

"அங்கிட்டும் கேக்கட்டும்" என்றார் மாமா, வேலிப்பக்கம் கையைக் காட்டி.